நான் சொன்ன 'உள்ளேன் டீச்சர்'

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை மதியம் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். இன்று புதன்கிழமை. ரசப் பாத்திரத்தோடு சமையலறைக்குள் போன உன் அம்மா இன்னும் அதற்குப் பதில் சொல்லவில்லை. நீயும் திரும்பக் கேட்கவில்லை. அரியலூர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த வேலைக் கடிதத்தை மடித்து டிவிக்குப் பின்னால் செருகியிருக்கிறாய். வீடு கூட்டும்போதெல்லாம் அதன் ஓரம் கண்ணில் படுகிறது. வாயால் பேசுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உன்னைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். நீ கேட்டது ஒரு வார்த்தைப் பதில். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டுமானால், பதினேழு வருடமாக யாரிடமும் சொல்லாத ஒன்றை முதலில் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு என்னால் பேச முடியாததற்கும் அதுதான் காரணம்.

அன்று நடந்ததை நான் பார்த்தபடி சொல்கிறேன். விக்கிரமங்கலத்திலிருந்து உன் மாமா வண்டியில் வந்திறங்கி, சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். அவருக்குத் தெரிந்த காண்ட்ராக்டர் மூலமாக சிமெண்ட் கம்பெனி ஆபீஸில் உனக்கு ஒரு இடம் பார்த்து வைத்திருக்கிறார், வெள்ளிக்கிழமைக்குள் சரியென்று சொல்ல வேண்டும். நீயோ சிறப்புக் குழந்தைகள் படிக்கும் பள்ளியில் வகுப்பு உதவியாளராகச் சேரப்போவதாகச் சொன்னாய்.

"ஏன் மாப்ள, பி.எஸ்சி. முடிச்சுட்டு, போயும் போயும் புள்ளைங்களுக்கு மூக்குத் தொடைக்கவா போற? அதுக்கு எதுக்கு ஒனக்கு மூணு வருசம் காலேஜு?"

"மூக்குத் தொடைக்கத் தெரியாமயே பாதிப் பேரு ஆபீசருன்னு சுத்துறாங்களே மாமா."

உன் அப்பாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. மாமாவும் சிரித்தார். ஆனால் விடவில்லை. "பேச்சுக்கு ஒன்னும் கொறச்சலில்ல. ஆயா வேலடா அது. நாளைக்கு ஒனக்குப் பொண்ணு கேட்டுப் போனா, மாப்ள என்ன பண்றாருன்னு கேப்பாங்க. நான் என்னன்னு சொல்றது?"

அப்போதுதான் நீ என் பக்கம் திரும்பினாய். "நீ சொல்லும்மா. நீ செஞ்ச வேலதான. போவட்டுமா, வேணாமா?"

நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். மாமா இலையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "அதான் பாப்பா ஒன்னும் பேசலியே. அவளுக்கும் இஷ்டமில்ல. விடு மாப்ள."

நாற்பத்திரண்டு வயதிலும் அவருக்கு நான் பாப்பாதான். அதைக் குறையாகச் சொல்லவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அடுத்தவர் வயலில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள். பத்தாவதோடு அவர் நின்றுகொண்டு களத்துமேட்டில் மூட்டை தூக்கப் போனதால்தான் நான் காலேஜ் வாசலை மிதித்தேன். எங்கள் வீட்டில் அதற்கு முன்னால் யாரும் மிதித்ததில்லை. சேரப்போன அன்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் பெயரைக் கேட்டார். என்னிடம்தான் கேட்டார். அண்ணன் முந்திக்கொண்டு என் பெயரைச் சொல்லி, "பாப்பா பேசாது சார், ஆனா நல்லாப் படிக்கும்" என்றார். அன்றைக்கு எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா! பாசம் இருக்கிறவர்கள்தான் நமக்காகப் பதில் சொல்கிறார்கள். அதனால்தான் அதைத் தப்பு என்று கண்டுபிடிக்க இவ்வளவு காலம் ஆகிறது.

படிப்பு முடியுமுன்பே கல்யாணம். கடைசி வருடப் பரீட்சையை உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு எழுதினேன். உனக்கு நாலு வயது நெருங்கும்போது, வேப்பந்தட்டை போகிற வழியில் ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் இந்த வேலை கிடைத்தது. மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிக்க உதவ ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். சிறப்பு ஆசிரியர் வாரத்துக்கு இரண்டு நாள் வந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் நான்தான். பெரம்பலூரிலிருந்து காலை பஸ். ஊரில் என்னை ஆயா என்றார்கள். பிள்ளைகள் மிஸ் என்றார்கள். வகுப்பு டீச்சர் "ஏம்மா" என்பார். எனக்கு எல்லாமே சம்மதமாக இருந்தது, ஏனென்றால் அங்கே யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை. பிள்ளையைப் பார்க்க வேண்டும், அதற்கு என்ன வேண்டும் என்று புரிந்துகொள்ள வேண்டும், செய்ய வேண்டும். சின்ன வயதிலிருந்து பேசாமல் மூலையில் நின்று பார்த்துப் பார்த்துப் பழகியவளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உண்டா என்று நினைத்துக்கொண்டேன்.

பவித்ரா என்று ஒரு பெண். நான் சேர்ந்தபோது மூன்றாம் வகுப்பு. பிறக்கும்போதே மூளைக்குக் காற்றுப் போதாமல் போனதால் கை கால் அவள் சொன்னபடி கேட்காது. கழுத்து ஒரு பக்கம் இழுக்கும், எச்சில் வழியும். ஆனால் அறிவுக்கு ஒரு குறையும் இல்லை. அவள் அம்மா ஒரு கிலோமீட்டர் தூரம் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து விட்டுவிட்டு, அப்படியே வெங்காயம் ஆய்கிற வேலைக்கு ஓடுவாள். பெஞ்சில் உட்காரவைத்தால் பவித்ரா பின்னால் சாய்ந்துவிடுவாள். அதனால் அவளுக்குப் பின்னாலேயே ஒரு ஸ்டூல் போட்டு, என் முழங்காலையும் உள்ளங்கையையும் அவள் முதுகுக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருப்பேன். ஒன்றரை வருடம் அப்படித்தான் இருந்தோம். அவள் முதுகு அசைவதை வைத்தே தண்ணீர் வேண்டுமா, வெளியே போக வேண்டுமா என்று சொல்லிவிடுவேன். டீச்சர்கூட, "இந்தம்மாவுக்கு அந்தப் புள்ள முதுவு பேசுது" என்று சிரிப்பார்.

வகுப்பு டீச்சர் பெயர் ராணி. மூன்றாம் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலும் அவர்தான். கணீரென்ற குரல், நல்ல மனசு, எதிலும் வேகம். காலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்து முப்பத்தொரு பெயரையும் ஒரே மூச்சில் கூப்பிடுவார். ஒவ்வொரு பெயருக்கும் "உள்ளேன் டீச்சர்" என்று ஒரு குரல் வரவேண்டும். முதல் நாள் பவித்ரா பெயர் வந்தபோது சத்தமில்லை. டீச்சர் நிமிர்ந்து பார்த்தார், இரண்டு பிள்ளைகள் சிரித்தார்கள், எனக்குத் தாங்கவில்லை. நானே "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டேன். டீச்சர் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். மறுநாளும் சொன்னேன். அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. ஒரு கூட்டத்துக்கு நடுவே சத்தமாக வாய் திறக்காத நான், தினமும் காலையில் முப்பது பிள்ளைகள் முன்னால் அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னேன். உண்மையைச் சொல்கிறேன், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. எனக்காக இல்லையே, ஒரு பிள்ளைக்காக அல்லவா பேசுகிறேன் என்று.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்து வயது. மூன்று நாள் லீவு போட்டேன். நான்காம் நாள் போய், வழக்கம்போல பவித்ராவின் கன்னத்தைத் துடைத்துவிடக் கையை நீட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாதாரணமாகக் கழுத்தைத் திருப்பவே அவளுக்குச் சிரமம். அன்று அவ்வளவு சிரமப்பட்டு, சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மூன்று நாள் வராததால் கோபம் என்று நினைத்தேன். சத்துணவுக்கு ஆள் எண்ணிச் சொல்ல பதிவேட்டை ஆபீஸ் அறைக்கு எடுத்துப்போவது என் வேலை. எடுத்துப் பார்த்தால், அவள் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் மூன்று 'ஏ'. மூன்று நாளும் ஆப்சென்ட்.

அவளுக்கும் காய்ச்சலோ என்று பக்கத்தில் உட்காரும் சங்கீதாவிடம் கேட்டேன்.

"இல்லியே மிஸ். மூணு நாளும் வந்தா. எம்பக்கத்துலதான் ஒக்காந்திருந்தா. சாக்கு மூட்டைய முதுவுக்கு வச்சிருந்தாங்க."

"பின்ன ஏன் ஆப்சென்ட் போட்டிருக்கு?"

"நீங்க வரலல்ல மிஸ். அதான்."

"நான் வரலன்னா அவளுக்கு ஏன்டி ஆப்சென்ட்டு?"

"நீங்கதான மிஸ் உள்ளேன் டீச்சர் சொல்லுவீங்க?" என்னவோ நான்தான் மறந்துபோய்க் கேட்கிறேன் என்பதுபோல அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள். "அவ சொல்லப் பாத்தா மிஸ். வாயி இப்புடி இப்புடிப் போச்சு. அதுக்குள்ள டீச்சர் நிமிராமலே புவனா பேருக்குப் போயிட்டாங்க."

சங்கீதா தன் தாடையை ஒரு பக்கமாக இழுத்து, தோளை மெல்லத் தூக்கி, உதட்டைக் குவிக்கப் பார்த்துக் காட்டினாள். கேலியே இல்லை. ஒரு எழுத்தை எப்படி எழுதுவது என்று காட்டுவதுபோலக் காட்டினாள். பிறகு சொன்னாள்: "தெனமும் அப்புடித்தான் பண்ணுவா மிஸ். நீங்க பாத்ததே இல்லியா?"

நான் பார்த்ததே இல்லை தம்பி. நான் உட்கார்ந்திருந்தது அவள் முதுகுக்குப் பின்னால்.

யோசித்துப் பார். அவள் பெயர் கூப்பிடப்படும். தாடை அசையும், தோள் எழும், மூச்சு சேரும், வார்த்தை பாதி வழிக்கு வந்திருக்கும். அதற்குள் அவள் தலைக்கு மேலாக என் குரல் போய் அவள் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஒரு நாளல்ல, ஒன்றரை வருடம். நான் இல்லாத மூன்று நாளில் அவள் அங்கேயேதான் இருந்தாள். ஆனால் டீச்சருக்கும் பதிவேட்டுக்கும் அவள் இல்லை. அவளை அப்படி இல்லாமல் ஆக்கியது டீச்சரா? நான்தான். அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ரஞ்சன்குடி கோட்டைக்குப் பிள்ளைகளை அழைத்துப்போனபோது, "பவித்ரா மேல வர்றாளாம்மா?" என்று டீச்சர் கேட்டார். "இல்ல டீச்சர், நாங்க கீழயே இருக்கோம்" என்றேன். அவளைக் கேட்கவே இல்லை. சாயந்திரம் வரை இரண்டு பேரும் நிழலில் உட்கார்ந்திருந்தோம். மேலேயிருந்து மற்றப் பிள்ளைகள் கத்துவது கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் முதுகு அன்று முழுக்க அசைந்தது. நான் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

இதைச் சரிசெய்ய நான் ராணி டீச்சரிடம் பேச வேண்டியிருந்தது. அதற்கு எனக்கு நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் காலையில் நானேதான் "உள்ளேன் டீச்சர்" சொன்னேன். தப்பு என்று தெரிந்தபிறகும் சொன்னேன். அதையும் நீ தெரிந்துகொள். ஐந்தாம் நாள், பெல் அடிக்குமுன் டீச்சர் மேசையருகே போய் நின்றேன்.

"என்னம்மா, லீவு வேணுமா?"

"இல்ல டீச்சர்."

"பின்ன? அட, சொல்லும்மா. நீயும் அவள மாதிரியே நின்னா நான் யாருகிட்டதான் கேக்குறது?"

"பவித்ரா பேரக் கூப்புட்டா கொஞ்சம் நிக்கணும் டீச்சர். அவளே சொல்லுவா."

"அவளா? எவ்ளோ நேரம் நிக்கணும்?"

"தெரியல டீச்சர்."

"முப்பத்தோரு பேரு இருக்கு. மொத பீரியடு கணக்கு. நீ சொல்றதுல என்ன கொறஞ்சிபோச்சு இப்ப?"

"நான் இனிமே சொல்ல மாட்டேன் டீச்சர்."

மாட்டேன் என்ற வார்த்தையை வீட்டுக்கு வெளியே நான் சொன்னது அதுதான் முதல் தடவை. டீச்சர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கோபம் இல்லை, ஏதோ பெஞ்சு பேசிவிட்டதுபோல. "சரி, பாப்போம்" என்றார்.

அன்று அவள் முதுகுக்கு மூட்டையை வைத்துவிட்டு, ஸ்டூலை முன்பக்கம் போட்டு அவள் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தேன். பெயர் வந்தது. தாடை இழுத்தது, தோள் எழுந்தது. பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். டீச்சர் பேனா மூடியைத் தட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த இரண்டு வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லால் கடித்துக்கொண்டேன். வார்த்தை வரவில்லை. டீச்சர் அவள் இருப்பதைக் குறித்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போனார். மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் டீச்சரே ஒரு வழி சொன்னார். அவள் பெயரைக் கடைசியாகக் கூப்பிடுவது, அவள் சொல்லும்வரை பிள்ளைகள் கணக்கு நோட்டை எடுத்து வைப்பது. அடுத்த வாரம் ஒரு நாள், நோட்டு எடுக்கும் சந்தடிக்குள் ஒரு சத்தம் வந்தது. 'ளே' மாதிரியும் இல்லை, 'ஏன்' மாதிரியும் இல்லை. நடுவில் ஏதோ ஒன்று.

"சொல்லிட்டா டீச்சர்!" என்று சங்கீதா கத்தினாள்.

"எனக்குக் காது இருக்குடி. ஒக்காரு" என்று சொல்லி டீச்சர் குறித்துக்கொண்டார்.

கைதட்டல் ஒன்றும் இல்லை. பவித்ரா என்னைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை. மேலுதட்டில் வேர்த்திருந்தது. இரண்டாம் பீரியடிலேயே தூங்கிவிட்டாள், அவ்வளவு பாடு அது. அதற்குப் பிறகும் சில நாள் வரும், சில நாள் வராது. ஐந்தாம் வகுப்பு முடித்ததும் அவர்கள் குடும்பம் திருப்பூர் பக்கம் வேலைக்குப் போய்விட்டது. இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. அந்த மூன்று சிவப்பு எழுத்தைத் திருத்த முடியுமா என்று டீச்சரிடம் ஒரு தடவை கேட்டேன். "போனது போனதும்மா" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. அந்த மூன்று நாளும் வெயிலில் தூக்கிவந்து விட்டுப்போன அவள் அம்மாவிடம், "உங்க பொண்ணு வரலன்னு எழுதியிருக்கு, அதுக்கு நான்தான் காரணம்" என்று நான் சொல்லவே இல்லை. தினமும் காலையில் என் கையைப் பிடித்து, "நீ இருக்கிறதாலதான் நிம்மதியா வேலைக்குப் போறேன் தாயி" என்பாள். தலையை ஆட்டுவேன். இதுதான் நான் யாரிடமும் சொல்லாதது.

இப்போது உன்னைப் பற்றி. உன் விஷயத்தில் நான் இதையே தலைகீழாகச் செய்தேன். பவித்ராவுக்காக நான் பேசினேன். எனக்காக உன்னைப் பேசவைத்தேன். ரேஷன் கடையில், பாங்கில், உன் பள்ளிக்கூடத்திலேயே, ஆறேழு வயதில் நீதான் என் வாய். "அம்மா துவரம்பருப்பு கேக்குறாங்க", "அம்மாவுக்கு ஃபாரம் புரியலையாம்." எனக்கு இடுப்பு வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி வந்த வலி. டாக்டர் என்னைக் கேட்க, நீ ஆரம்பித்தாய். இடுப்பு வலிக்கிறது என்றாய், சரி. அம்மாவுக்குப் பசியே எடுப்பதில்லை என்றும் சேர்த்துவிட்டாய். எனக்கு நன்றாகப் பசி எடுத்துக்கொண்டுதான் இருந்தது. இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு, ஒரு மாதம் அந்தக் கசப்பு டானிக்கைக் குடித்து முடித்தேன். நீ இன்றைக்குத்தான் இதைத் தெரிந்துகொள்கிறாய், சிரித்துக்கொள். ஆனால் சிரித்து முடித்தபின் கொஞ்சம் யோசி. என் முகத்தைப் பார்த்துப் பார்த்து, கேட்காமலே மற்றவர் மனசைப் படிக்கக் கற்றுக்கொண்டாய். எல்லாரும் அதை உன் நல்ல குணம் என்கிறார்கள், நல்ல குணம்தான். அந்த வகுப்பறைக்குள் நீ பயப்பட வேண்டியதும் அதற்குத்தான்.

பொறுமை வேண்டும் என்று எல்லாரும் உனக்குச் சொல்வார்கள். உனக்குப் பொறுமை இருக்கிறது. எச்சிலையும் மலத்தையும் துடைக்க உனக்கு அருவருப்பு வராது, கடி வாங்கினாலும் கையை ஓங்க மாட்டாய். இவையெல்லாம் பத்து நாளில் பழகிவிடும். பழகாதது வேறு ஒன்று. ஒரு பிள்ளை சட்டைப் பட்டனோடு மல்லுக்கட்டும்போது, உன் இரண்டு கையும் சும்மா மடியில் கிடக்க வேண்டும். அது பார்க்க வேலையே செய்யாததுபோல இருக்கும். வருகிற பெற்றோர்கூட, "என்ன சார், புள்ள கஷ்டப்படுது, பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க" என்பார்கள். எப்போது கையை நீட்ட வேண்டும், எப்போது நீட்டக்கூடாது என்று அங்கே வேலை பார்த்த பதினொரு வருடத்திலும் எனக்கே முழுசாகப் பிடிபடவில்லை. தெரியாதபோது அந்தப் பிள்ளையிடமே கேட்டுவிடு. பதில் வாயில் வராவிட்டால் கண்ணில் வரும், விரலில் வரும். அதனால் முதுகுக்குப் பின்னால் உட்காராதே. முதுகுக்கு முட்டுக் கொடுக்கத்தான் வேண்டுமென்றால் ஒரு மூட்டையை வை. நீ முகத்துக்கு முன்னால் உட்கார்.

இன்று காலை நீ குளிக்கப் போனபோது மாமாவுக்கு போன் செய்தேன். நானாக அவருக்கு போன் செய்த தடவைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். எடுத்ததுமே பதறினார். "என்ன பாப்பா, யாருக்கு என்ன?"

"ஒன்னும் இல்லண்ணா. ஞாயித்துக்கெழம சொன்னியே, எனக்கும் இஷ்டமில்லன்னு. நான் அப்புடிச் சொல்லல."

"பின்ன என்ன சொன்ன?"

"ஒன்னுமே சொல்லல."

"அதத்தான நானும் சொல்றேன்?"

"பேசாம இருக்கிறது வேற, இஷ்டமில்லாம இருக்கிறது வேறண்ணா."

அந்தப் பக்கம் டிராக்டர் சத்தம் கேட்டது. யாரையோ எஞ்சினை அணைக்கச் சொன்னார். "சரி, இப்ப சொல்லு. என்னதான் நெனக்கிற?"

கொஞ்ச நேரம் எனக்கு வரவில்லை. அவரும் குறுக்கே எதுவும் சொல்லவில்லை. பிறகு சொன்னேன். அந்த வேலை எனக்குப் பிடித்த வேலை. அதைச் செய்த நாட்களில்தான் நான் ஒரு மனுஷியாக இருந்தேன். அதில் ஒரு பெரிய தப்பும் செய்திருக்கிறேன். சம்பளம் கம்மிதான் அண்ணா, நீ பார்த்து வைத்த இடத்தில் அதைவிடக் கூட வரும், அதுவும் எனக்குத் தெரியும். எனக்காகப் படிப்பை விட்டவன் நீ, உன் பேச்சைத் தட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் என் பேச்சையும் நீயே பேசிவிடாதே. இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேனா என்றால் இல்லை. திக்கித் திக்கித்தான்.

"இதெல்லாம் அவன்கிட்ட சொன்னியா?" என்றார்.

"இன்னும் இல்லண்ணா."

"நல்லா இருக்கு போ. மவனுக்குச் சொல்ல வேண்டியத எனக்குச் சொல்லிக்கிட்டிருக்கா" என்று சிரித்தார். பிறகு குரல் மாறி, "வெள்ளிக்கெழம காண்ட்ராக்டருக்கு நான் என்ன சொல்லட்டும்?" என்று கேட்டார்.

அங்கேதான் தம்பி, இன்னொரு தடவை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவன் வரமாட்டான், அவனுக்கு அரியலூர் வேலைதான் வேண்டும் என்று சொல்லிவிட எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா! சொன்னால் ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துபோகும். உனக்கும் மாமாவை எதிர்த்துப் பேசிய பாரம் இருக்காது. நான் சொல்லவில்லை.

நீ கேட்டதற்கு என் பதில் இதுதான்: நீ அந்த வேலைக்குப் போனால் எனக்குச் சந்தோஷம். இது என் பதில் மட்டும்தான். உன் பதில் என்ன என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட குரலில் "போவட்டுமா"வும் இருந்தது, "வேணாமா"வும் இருந்தது. கம்பெனி வேலைக்கே போகிறேன் என்று நீ சொன்னாலும், அது நீ சொன்னதாக இருந்தால் போதும். வெள்ளிக்கிழமை மாமா என் போனுக்குத்தான் கூப்பிடுவார். நான் எடுத்து, "அவன்கிட்டயே கேட்டுக்கண்ணா" என்று உன் கையில் கொடுத்துவிடுவேன். உள்ளே போய்விட மாட்டேன். உனக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பேன். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, மெதுவாகச் சொல்.